காலை பத்துக்கு ஏழு மணி அடித்தது

இது நடந்தது. 1986 செப்டம்பரில், குபெர்டினோவுக்குப் பின்னால் இருக்கிற மலையில், பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரி, புளியமரம், வெள்ளைப் புடவை என்று எதிர்பார்க்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யூனிஸுக்குக் கதை கட்டத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுத்த நிமிஷம் தயிர்சாத டப்பாவைத் திறக்கிறவள். அவளே நடுங்கிப் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் ரூஃபஸுக்கு சைக்கிள் பைத்தியம். மற்ற என்ஜினியர்கள் எல்லாம் புதுக் கார் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனுஷர் தடித்த டயர் போட்ட சைக்கிள் இரண்டு வாங்கினார். தார் ரோட்டில் ஓட்ட அல்ல, சரளைக்கல் பாதையில் ஓட்ட. கராஜ் சுவரில் பிரான்ஸ் மேப் ஒட்டியிருந்தார். அதில் போஜொலே என்கிற மலைப்பக்கம். கீழே திராட்சைத் தோட்டம், மேலே காடு, காட்டுக்குள் சரளைப் பாதை, பாதை இறங்குகிற இடத்தில் வெர்னே என்று ஒரு சின்ன ஊர். அதுவரைக்கும் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்.

போகத்தான் முடியவில்லை. யூனிஸின் வேலையை வைத்து இரண்டு பேருக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தார்கள். அது வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

"கார்டு வரட்டும் யூனி. அதுவரைக்கும் இதுதான் நம்ம பிரான்ஸ்" என்பார் ரூஃபஸ்.

குபெர்டினோ மலையிலும் திராட்சைத் தோட்டம் உண்டு, அதற்கு மேல் ஓக் காடும் உண்டு. சனிக்கிழமை தவறாமல் ஏறினார்கள். எப்போதும் அவர் முன்னால், மூச்சு வாங்கிக்கொண்டு இவள் பின்னால். வழி பிரிகிற இடத்தில் எல்லாம் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி நின்று, "வா யூனி, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்பார். பச்சைப் பொய். எப்போதும் நிறைய தூரம் இருக்கும்.

எண்பத்தாறு மார்ச் மாதம், ஆபீஸ் மாடிப்படியில் ரூஃபஸின் இதயம் நின்றுவிட்டது. நாற்பத்தொரு வயது. அதே நேரத்தில் யூனிஸ் தன் வார்டில் முன்பின் தெரியாத ஒருவரின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தாள். மே மாதம் தபாலில் கிரீன் கார்டு வந்தது. இரண்டு பேருக்கும். அவர் கார்டில், வலது காது தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வரப்போகிற சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் யூனிஸ் வாய்விட்டு அழுதாள். பிள்ளையும் இல்லை. தேற்றுவதற்கு ஆள் இல்லாத அழுகை அது.

அதற்குப் பிறகு கராஜில் சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்தது. லேசாக, ஒரே ஒரு தடவை. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. தமிழ் ஜெபக்கூட்டம் நடத்துகிற ஜெயகுமாரி அக்காவிடம் சொன்னாள்.

"அது ரூஃபஸ் இல்ல. செத்தவங்க வரமாட்டாங்க. பிசாசு அவர் வேஷத்துல வரும். கூப்பிட்டா நீ பதில் சொல்லிடாத. இயேசுவோட நாமத்துல போன்னு சொல்லு. போயிடும்."

"நெஜமாவே அவரா இருந்தா, அக்கா?"

"அப்படி உன்னை நெனைக்க வைக்கிறதுதான் அதோட வேலையே."

அக்கா நல்லவள். யூனிஸ் சாப்பிடாமல் கிடந்த நாளெல்லாம் சோறு கொண்டுவந்து ஊட்டியவள். அவள் சொன்னதை யூனிஸ் தட்டவில்லை.

ஆனாலும் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை தனியாக மலை ஏறினாள். உள்ளதைச் சொல்வதென்றால், ஒரே ஒரு தடவை அவர் குரலைக் கேட்டால் போதும் என்றுதான் ஏறினாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மலையில் மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. டயருக்கு அடியில் சரளை நொறுங்கும் சத்தம்... கர்ர்ர்... கர்ர்ர்... கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். ஒரு சைக்கிளின் சத்தம் இல்லை அது. முன்னால் இன்னொன்றும் போய்க்கொண்டிருந்தது.

நின்றாள். அந்தச் சத்தமும் நின்றது. ஒரு நொடி தாமதமாக.

யாரோ பையன்கள் ஓட்டுகிறார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மறுபடி மிதித்தாள்.

இடதுபுறம் திராட்சைத் தோட்டம் வந்தது. இங்கே கொடிகளைக் கம்பியில் கட்டியிருப்பார்கள். கம்பியைக் காணோம். முழங்கால் உயரத்துக்குக் குட்டைச் செடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. பக்கத்தில் பாசி பிடித்த கல்சுவர். வாராவாரம் வந்த பாதை அது. அங்கே அப்படி ஒரு சுவரே கிடையாது.

எங்கேயோ மாதா கோயில் மணி அடித்தது. எண்ணினாள். ஏழு.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்து.

பனி விலகியது. நேர் எதிரே சூரியன். சிவப்பாக, இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மேற்கே பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள். காலைச் சூரியன் அவளுடைய முதுகுப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்...

கீழே ஓட்டு வீடுகள் தெரிந்தன. நீல ஜன்னல் கதவு. வெங்காயம் வதங்குகிற வாசனை.

வழி பிரிகிற இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதுகு தெரிந்தது.

ஒரு கால் பெடலில்.

"வா யூனி..."

அவள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான்."

என்னங்க... என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கால் தானாக ஒரு மிதி மிதித்தது. ஓடிப்போய் அந்த முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது.

"இயேசுவின் நாமத்துல சொல்றேன்..." குரல் கீச்சிட்டது. "போ. என்னை விட்டுப் போ."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ, வா, போ என்று பேசியதே இல்லை.

அவர் திரும்பினார். பாதி முகம்தான் தெரிந்தது.

கோபம் இல்லை அதில். புரியாமல் பார்த்தார். அவ்வளவுதான்.

பனி மூடியது...

மறுபடி விலகியபோது கம்பியில் கட்டிய கொடிகள். முதுகில் வெயில். சுவர் இல்லை. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் ஓக் மரங்கள்.

பிசாசு போய்விட்டது என்று ஜெயகுமாரி அக்கா ஸ்தோத்திரம் சொன்னாள். யூனிஸும் ஆமென் சொன்னாள். கராஜிலும் அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? அந்த நிசப்தத்தை அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து லீவு போட்டுவிட்டு பிரான்சுக்குப் போனாள். அவர் கோடு போட்ட வழியில், வாடகைச் சைக்கிளில், மிதித்தும் தள்ளியும் மலை ஏறி வெர்னேயில் இறங்கினாள். ஊர் முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் பெஞ்சு. கடைக்காரியின் மருமகளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருந்தது. அவள் சைக்கிளைப் பார்த்தாள், யூனிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"யூனிஸ்?" என்று கேட்டாள்.

யூனிஸ் இன்னும் வாயையே திறக்கவில்லை.

இந்தியர் யாரும் வராத ஊராம் அது, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். எண்பத்தாறு, திராட்சை அறுவடை சமயம், சனிக்கிழமை. மாலை ஏழு மணி அடிக்கும் முன்னால் ஒரு இந்தியர் சைக்கிளில் வந்தார். முழங்கால் வரை புழுதி. இரண்டு தட்டு சூப் கேட்டார். யூனிஸ் என்று மனைவி, பின்னால் வருகிறாள், ஏற்றத்தில் மெதுவாகத்தான் வருவாள் என்றார். இவர் பசியோடு இருந்தது தெரிந்தது. ஆனாலும் கரண்டியைத் தொடவில்லை. மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே வழி பிரிகிற இடம் வரை போனார். யாரையோ கூப்பிடுவது கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றாள் அந்தப் பெண். என்ன ஆயிற்று என்று கேட்டாளாம்.

"அவள் என்னைப் போகச் சொல்லிவிட்டாள்" என்றாராம்.

சாப்பிடவே இல்லை. சைக்கிளைக்கூட எடுக்காமல், இருட்டுகிற பக்கமாக நடந்து போய்விட்டார்.

அந்தப் பெண் இரண்டு தட்டுகளைத் துடைத்து மேஜையில் வைத்தாள். பிறகு, அடுத்தவர் குடும்ப விஷயம் ஆயிற்றே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்படி என்ன சண்டை, உங்கள் இரண்டு பேருக்கும்?"