மூன்று கம்பளங்களை விரித்துவிட்டுப் போனவர்

செய்தி வந்தபோது என் வீட்டுத் தரையில் மூன்று கம்பளங்கள் விரிந்து கிடந்தன. எனக்கு எது, கடைக்குத் திரும்ப வேண்டிய இரண்டு எவை என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்வதாக இருந்த தங்கவேல் அண்ணன், போத்தனூரில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் பிறகு எழவில்லை. பக்கத்து வீட்டுப் போனுக்குக் கடையிலிருந்து சொன்னார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு நாள் இருந்து, சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

காந்திபுரத்தில் எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது அவரிடம் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் அங்கே திரைச்சீலை தைப்பவள். அவர் கம்பளங்களைப் பார்த்துக்கொண்டவர். நூல் மில் இயந்திரம் பூட்டிக் கொடுக்க மொராக்கோ போன முதலாளியின் மச்சினர், அங்கே மலைப்பக்கம் பெர்பர் இனத்துப் பெண்கள் கையால் நெய்த கம்பளங்களைக் கட்டுக் கட்டாக அனுப்பி வைத்தார். பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. அண்ணன் மட்டும் மனப்பாடம் செய்தார். கால் புதையும் வெள்ளைக் கம்பளியில் கறுப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடினால் அது பெனி உரைன். வெள்ளையின் மேல் சிவப்பும் நீலமுமாகப் பிள்ளைகள் கிறுக்கியதுபோல் இருந்தால் அசிலால். பழந்துணியைக் கிழித்து முடிச்சுப் போட்டு நெய்தது பூஷெரவிட். இந்த மூன்றாவதைப் பார்த்து, "ஏனுங்ணா, இது என்ற தையல் மிஷினுக்கு அடியில தெனம் ஒரு கூடை கெடக்குதே, கப்பல்ல வேற வரோணுமா?" என்று கேட்டேன். அவர் அதைச் சுருட்டி, என் கண்ணில் படாத மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

விற்பதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு விற்க மாட்டேன் என்று நின்றவர் என்று நான் கண்டது அவர் ஒருவரைத்தான். ஒருமுறை ஒரு டாக்டரம்மா வந்து வெள்ளைக் கம்பளத்தைத் தொட்டவுடனே எடுத்துக் கட்டச் சொன்னார். இவர் நூலை எடுக்காமல் விசாரணையை ஆரம்பித்தார். வீட்டுத் தரை மொசைக்கா, சிமென்டா? வேலைக்காரம்மா தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்பாரா? அந்தம்மா பெருமையாக, இரண்டு வேளையும் என்றார். "அப்பிடின்னா உங்களுக்கு இது ஆகாதுங்க. ஓரம் நனைஞ்சா ஆட்டுப்பட்டி வாசம் அடிக்கும்" என்று சொல்லிவிட்டார். காரில் வந்தவர் வெறுங்கையோடு காரிலேயே போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது? ஊசியைப் பார்த்தேன்.

விற்றுவிட்டாலும் விடமாட்டார். பொள்ளாச்சி சாலையில் ஒரு பெரிய வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்க என்னோடு கூட வந்தவர், முன்பு அவர் கொடுத்த அசிலால் எங்கே என்று கேட்டார். பாலிதீனில் சுற்றிப் பரண் மேல் வைத்திருப்பதாகவும், விருந்தாளி வந்தால் எடுப்பதாகவும் வீட்டுக்கார அம்மா சொன்னார். நம் பக்கம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறி, தானே இறக்கி, ஹாலில் விரித்தார். "தரைக்குன்னு நெய்ஞ்சதுங்க. மிதிச்சாத்தான் அது உசுரோட இருக்கும்" என்றார். எங்களுக்குப் போட்ட காபி அடுப்பிலேயே நின்றது. பஸ்ஸில் வரும்போது, அந்தக் காபியையாவது குடித்துவிட்டுச் சண்டைக்குப் போயிருக்கலாம் என்று அவரைக் குத்திப் பேசிக்கொண்டே வந்தேன். காந்திபுரம் வரும்வரை சிரிக்கவே இல்லை, மனுஷன்.

சரவணம்பட்டியில் நாங்கள் சின்னதாக வீடு கட்டியதும், ஊரார் வீட்டுக்கெல்லாம் தைத்தவள் என் வீட்டுக்கென்று ஒரு கம்பளம் போட ஆசைப்பட்டேன். வெள்ளைதான் வேண்டும் என்றேன். "ஊட்டைப் பாக்காமச் சொல்ல மாட்டேன்" என்றார். ஐந்து மாதம் இழுத்தடித்தார். எனக்கு அது தகாது என்று நினைக்கிறாரோ என்று மனதுக்குள் அரித்தது. கேட்கவும் மானம் விடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் மூன்று வகையிலும் ஒவ்வொன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அறைக்கு ஒன்றாக விரித்தார். முன்னறையில் வெள்ளை, நடு அறையில் அசிலால், உள்ளறையில் துணிக் கம்பளம். "அம்மணி, ஒரு வாரம் மூணு மேலயும் நடங்க, உக்காருங்க. வார ஞாயித்துக்கெழமை நான் வந்து எதுன்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

அந்த வாரம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுக்காகிவிடுமே என்று மூன்றையும் சுற்றிச் சுவரோரமாகவே நடந்தேன். வீட்டுக்காரரையும் அப்படியே நடக்கவைத்தேன். அண்ணன் கேட்டது மேலே நடப்பது ஒன்றுதான். அதைச் செய்யவில்லை.

போத்தனூர் வீட்டில் அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு உங்க ஊட்டுக்கு வாரதுக்குத்தானுங்க சட்டையத் தேச்சு வெச்சிருந்தாரு" என்றார். எதுவென்று ஏதாவது சொல்லியிருந்தாரா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. இழவு வீட்டில் கம்பளம் பற்றிக் கேட்பதா என்று விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் பொடக்காலிக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு சுற்றி வந்து முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தேன். சுவரோரமாக நடக்க அன்றைக்கு நினைவில்லை. வெள்ளையின் முன்னால் ஈரக் கால் தானாக நின்றது. அதையும் அடுத்த அறையில் அசிலாலையும் தாண்டிக் குதித்தேன். உள்ளறையில் அந்தக் கிழிசல் துணிக் கம்பளத்தின் மேல் யோசிக்காமல் உட்கார்ந்து, அழ வேண்டியதை எல்லாம் அழுதேன். முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அதில் எங்கே போனது என்று கூடத் தெரியவில்லை.

மற்ற இரண்டையும் திங்கட்கிழமை கடைக்கு அனுப்பிவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது அவர் மனதில் இருந்ததுதானா என்று யாரைக் கேட்பது? தெரியாது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தத் துணிக் கம்பளமும், பதில் சொல்லாமல் போன மனுஷன் மேல் ஒரு கோபமும்தான். இரண்டையும் நான் பரணில் ஏற்றப்போவதில்லை.