மஞ்சள் துணியில் முடிந்து வைத்த மாத்திரை

மூன்றாவது மெடிக்கலிலும் "அந்த மாத்திரை வரல அண்ணாச்சி" என்று சொன்னபோது, மூன்று கடைக்காரர்களும் பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். சரக்கை உள்ளே பதுக்கியிருக்கிறார்கள். விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்கள். இல்லையென்றால் எனக்கு வேண்டாதவன் எவனோ எனக்கு முன்னால் வந்து எதையோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள் அந்த எவனோ யார் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அம்மன் பிள்ளைகளே, இப்படிப்பட்ட ஒருவனுக்கும் அவள் மனமிரங்கினாள். அதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறேன். ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலியை நினைத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இந்தத் தொழிலில் யாரையும் நம்பி ஒரு நாளை ஓட்ட முடியாது. காய்ந்த குச்சி என்று சொல்லி ஈரக்குச்சியைத் தள்ளிவிடுவான் ஒருவன். நமக்கு லேபிள் அடித்துத் தருகிறவனே அதை அடுத்தவனுக்கும் அடித்துக் கொடுப்பான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே பிழைத்தவன் நான். வீட்டில் பால் பாக்கெட் வந்தாலும் தேதி பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

கொரோனா வருவதற்கு முந்தின கார்த்திகையில் என் மனைவி செண்பகத்துக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரத்தம் உறையாமல் இருக்கிறதுக்கு இந்த மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. விட்டால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும்" என்றார். அவர் சொன்ன அத்தனையிலும் நான் சந்தேகப்படாமல் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

மாதாமாதம் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் வந்துகொண்டிருந்தது. பங்குனியில் ஊரடங்கு போட்டார்கள். பஸ் நின்றது, ரயில் நின்றது, ஆபீஸையும் பூட்டினேன். வருமானம் அப்படியே நின்றுபோனது. மதுரை டாக்டரின் கிளினிக் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லை. இருந்த மாத்திரை ஒவ்வொன்றாகக் குறைந்தது. செண்பகம் காலையில் ஒன்றை வாயில் போடும்போதெல்லாம் நான் மிச்சத்தை எண்ணுவேன்.

அந்தச் சமயத்தில்தான், எப்படித் தெரிந்ததோ, ஒருவன் போன் செய்தான். எந்த மாத்திரை என்றாலும் எடுத்துத் தருவானாம். பைபாஸ் பக்கம் வரச் சொன்னான். போனேன். அவன் கேட்ட விலைக்கு மாத்திரையைத் தங்கத்தில் செய்திருக்க வேண்டும். அதைக்கூடக் கொடுத்திருப்பேன். ஆனால் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், தேதி போட்டிருக்கும் மூலையைக் காணோம்.

"எலி கடிச்சிருக்கும் அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, ஒங்க ஊரு எலிக்குத் தேதி போட்ட எடத்தப் பாத்துக் கடிக்கத் தெரியுமோ?" என்று அட்டையை அவன் கையிலேயே திணித்துவிட்டு வந்தேன். சந்தேகம் என்னைக் காப்பாற்றியது என்று அன்றைக்குப் பெருமைதான் பட்டேன். அந்தப் பெருமைதான் அடுத்ததில் என் கண்ணைக் கட்டியது.

செண்பகத்தின் தம்பி முருகேசன் பசுவந்தனையில் சம்சாரி. கரிசல் நிலத்தில் மழையைப் பார்த்து விதைக்கிறவன். விவசாயிகளுக்கு ஊருக்குள் வர அனுமதி இருந்ததால், காய்கறி மூட்டையோடு வந்தவன் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, பழைய அட்டையை வாங்கிக்கொண்டு போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். கையில் மூன்று மாதத்துக்கு வேண்டிய மாத்திரை.

"எங்கனலே கெடச்சுது?"

"மலிவு வெல மருந்துக்கடையில அத்தான். இந்தப் பேருல இல்லையாம். பின்னால பொடி எழுத்துல இருக்கிற மருந்துப் பேரப் பாத்துத் தந்தாவ. ரெண்டும் ஒண்ணுதானாம்."

விலையைச் சொன்னான். நான் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவந்த பணம்கூட அந்த மூன்று மாதத்துக்கு ஆகவில்லை. எனக்குப் பகீர் என்றது. அட்டையைப் பார்த்தேன். கம்பெனிப் படம் இல்லை, கலர் இல்லை, பேரும் வேறு. பழைய மாத்திரை ரோஸ் நிறத்தில் உருண்டையாக இருக்கும். இது கொஞ்சம் நீளமாக, வெளுத்துப்போய்க் கிடந்தது. தேதி சரியாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு மலிவாக ஒருவன் உயிரை விற்பானா?

"இத இப்போ போட வேண்டாம்" என்றேன்.

செண்பகத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்கூடப் பொறந்தவன் எனக்கு வெசமாங்க வாங்கியாருவான்?"

"அவன யாருட்டி சொன்னா? மாத்திரையச் சொல்லுதேன்."

தூக்கி எறியவும் மனசில்லை, கொடுக்கவும் துணிச்சலில்லை. கடையில் காட்டிய பழைய அட்டையோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, பூசை அலமாரியில் காளியம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். நீயே பார்த்துக்கொள் என்று அவள் தலையில் கட்டிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பழைய மாத்திரை தீர்ந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் எங்கள் தெருக் காளியம்மன் கோவிலுக்கு ஓடினேன். கோவிலை மூடியிருந்தாலும் சுப்பையா பூசாரி காலையில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். கல்யாணமோ, ஆபரேஷனோ, எங்கள் பக்கம் எதுவானாலும் அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துத்தான் முடிவெடுப்போம். வெள்ளைப்பூவை ஒரு பொட்டலம், சிவப்புப்பூவை ஒரு பொட்டலம் கட்டி அவள் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் மாத்திரையைக் கொடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கம்பிக் கதவுக்கு வெளியே நான் நிற்க, பூசாரி உள்ளே எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே இருந்தால்? முருகேசன் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருந்தால்?

"சாமி, அந்த இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டும்."

பிரித்துக் காட்டினார். சிவப்பு. ஆனாலும் என் மனசு ஆறவில்லை. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் முறைத்துக்கொண்டே போட்டார். இந்தத் தடவை வந்தது சிவப்பு.

"இப்போ என்ன செய்யப் போறிய?" என்றார் பூசாரி. "அம்மாவக் கூண்டுல ஏத்திக் குறுக்கு விசாரணை பண்ணுதியளா அண்ணாச்சி? நான் மூணாவது போட மாட்டேன். வீட்டுக்குப் போங்க."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். அறுபதை நெருங்கிய ஆள், தெருவில் நின்று அழுதேன். "தாயே, பூவில் சொன்னால் இந்தப் பாவிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்குகிற மாதிரி சொல்லு. செண்பகம் இல்லாமல் எனக்கு ஒரு வாழ்க்கை இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னேன். அதுதான் நான் செய்த பிரார்த்தனை.

வீட்டுக்கு வந்து, பூ இரண்டு தடவை இரண்டு விதமாக வந்ததைச் செண்பகத்திடம் சொன்னேன். அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு கொஞ்சம் வேகமாக வந்தாலும் எழுந்து நின்றேன். அவளோ மாத்திரை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விளக்கேற்றினாள், சோறு பொங்கினாள். அதுவாவது எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். கிளப்பவில்லை.

மறுநாள், பூட்டிக் கிடக்கும் ஆபீஸில் எவனாவது கை வைத்துவிட்டானா என்று பார்க்கப் போயிருந்தேன். அங்கே நிற்கும்போது திண்டுக்கல்லிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் போன் செய்தார். ஊரடங்குக்கு முன்னால் அவருக்குச் சரக்கு அனுப்பியிருந்தேன். அவர் எப்போதும் வாங்கும் மாம்பழ லேபிள் தீர்ந்துபோனதால், பம்பர லேபிள் ஒட்டி, கொஞ்சம் விலை குறைத்து அனுப்பியிருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டுட்டீங்க? பம்பரம் வேண்டாம், மாம்பழம்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க."

எனக்கு வந்ததே கோபம். "யோவ், ரெண்டும் ஒரே குச்சிய்யா! ஒரே தொட்டியில முக்கி, ஒரே வெயில்ல காயவச்சது. லேபிள்தான் வேற!"

"அப்ப ஏன் விலை கம்மி? சரக்கு மட்டம்னாத்தானே விலையைக் குறைப்பீங்க?"

"மாம்பழத்துக்கு நான் காலண்டர் அடிக்கேன், செவத்துல எழுதுதேன், ஏஜெண்டுக்குக் கமிஷன் குடுக்கேன். பம்பரத்துக்கு அதெல்லாம் கெடையாது. வெறும் குச்சிக்கு என்ன உண்டோ அதத்தான்யா போட்டிருக்கேன். பேரப் பாத்துச் சந்தேகப்பட்டா நான் என்ன..."

சொல்லிக்கொண்டே இருந்தவனுக்கு வாய் அடைத்துவிட்டது. எதிரே இரண்டு லேபிள் கட்டும் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரே குச்சியை இரண்டு பேரில், இரண்டு விலையில் விற்றே சோறு தின்றவன் நான். அந்த எனக்கு ஒரு மாத்திரை அட்டை விளங்கவில்லையா? நேற்றுக் கம்பிக்கு வெளியே நின்று நான் கேட்டதற்கு, என் வாயாலேயே அவள் பதில் சொல்ல வைத்துவிட்டாள். "அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா?" என்று அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் செண்பகம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். நெஞ்சில் கை. "ஒண்ணுமில்லைங்க, லேசா அடைக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பூசை அலமாரியிலிருந்து மஞ்சள் முடிச்சை அப்படியே எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, தெரிந்த ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அந்த நாட்களில் அரசு ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். உள்ளே போனால் கொரோனா என்று எழுதிவிடுவார்கள் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்த டாக்டர் தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்பில் இருந்தார். குரலை வைத்துத்தான் பெண் என்று தெரிந்தது. முகம் தெரியாத ஒருத்தரிடம் என் உயிரைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

ஈசிஜி எடுக்க வயரை மாட்டிக்கொண்டே, "ஸ்டென்ட் வச்ச மாத்திரை எல்லாம் சரியா போடுறாங்களா?" என்றார் டாக்டர்.

"ரெண்டு நாளா இல்லைங்கம்மா. தப்பு என்மேலதான். கையிலேயே வச்சிருக்கேன், குடுக்கல" என்று முடிச்சை நீட்டினேன்.

அவர் அவிழ்த்து அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல ரெண்டு மாத்திரை எடுத்திருக்கே?"

எட்டிப் பார்த்தேன். இரண்டு குழி காலியாக இருந்தது.

"போட்டுட்டேன் டாக்டர்" என்றாள் செண்பகம், படுத்தபடியே. "நேத்து ஒண்ணு, இன்னைக்குக் காலையில ஒண்ணு."

"ஏட்டி! யாரக் கேட்டுப் போட்ட?"

"அம்மன்கிட்டதான் வச்சிருந்தீய. வெளக்கேத்தும்போது அவகிட்டயே கேட்டேன், எடுத்துக்கவா தாயேன்னு. மனசுக்குத் திருப்தியா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். உங்கள மாதிரி ரெண்டு தடவ கேக்கல."

டாக்டர் சிரித்தது முகமூடிக்குள் கேட்டது. முடிச்சிலிருந்த பழைய அட்டையையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு. பேருதான் வேற. தாராளமா இதையே போடலாம். விட்டிருந்தாத்தான் ஆபத்து" என்றார். சாயங்காலம்வரை படுக்க வைத்து, மறுபடியும் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. வாயுத் தொந்தரவாக இருக்கும், என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்ததும் சேர்ந்திருக்கும் என்றார்கள். ஒரு பைசா கேட்கவில்லை. வெளியே வந்து, அந்த வாசல் வேப்பமரத்தடியில் நின்று, கோவில் இருக்கும் திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன்.

உலகத்தில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். மெடிக்கல்காரர், மச்சினன், பூசாரி, டாக்டர், கடைசியில் அம்மன் கொடுத்த பூவைக்கூட விடவில்லை. செண்பகத்தை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அந்த ஒரு வாசலை அம்மன் திறந்து வைத்திருந்தாள். அது வழியாக நுழைந்து, நான் கேட்பதற்கு முன்பே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டாள்.

கோவில் திறந்த முதல் வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் மாவிளக்கு எடுத்தோம். "பூக்கட்டணுமா அண்ணாச்சி?" என்று பூசாரி எல்லார் முன்னாலும் கேட்டு என் மானத்தை வாங்கினார். இன்றைக்கும் அந்த மலிவு விலைக் கடை மாத்திரைதான். எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்களுக்குச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வேண்டுமென்றால் நானே சீட்டோடு அங்கே அனுப்பி வைக்கிறேன். அட்டையில் தேதி பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதை அம்மனும் விடச் சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கும் சொல்கிறேன். கஷ்டம் வந்தால் அவளிடம் கேளுங்கள். தேதியைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அவள் பதில் சொன்ன பிறகு மறுபடியும் பூவைப் போடாதீர்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுத அன்று காலையில், என் வீட்டில் அவள் ஏற்கெனவே முடிச்சை அவிழ்த்திருந்தாள்.