சன்னலுக்கு வெளியே நின்ற நிருவாகி

சூசைப்பிள்ளை சந்தியோகு 1941 டிசம்பர் மூன்றாம் திகதி தாழ்வுபாட்டில் பிறந்தார். மூன்றா நான்கா என்று அவருக்கே சந்தேகம் இருந்தது. நான் அவருடைய தாயாரிடம் கேட்டு மூன்று என்று உறுதிப்படுத்தினேன். நாற்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர், 1999இல் வள்ளம் உடைந்தபின் எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் காவலாளியானார். நான் அங்கே செயலாளர்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அலுமாரியிலிருந்து பொருள் எடுக்க உரிமை உள்ளவரிடம் பூட்டைத் திறக்கும் திறப்பு இருக்கக்கூடாது. திறப்பு வைத்திருப்பவர் பொருளைத் தொடக்கூடாது. தலைவர் எழுதித் தந்தால் சந்தியோகு வந்து திறப்பைத் திருப்புவார், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். திறப்பு அவருடைய கழுத்தில், மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றோடு தொங்கியது.

2005இல் ஒரு நிவாரண நிறுவனம் எங்களுக்கு இணையத்தளம் ஒன்று அமைத்துத் தந்தது. கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமைகளை விளக்கினார். ஒருவர் எழுதலாம், வெளியிட முடியாது. இன்னொருவர் பிறர் எழுதியதைத் திருத்தலாம். எல்லாருக்கும் மேலே நிருவாகி. வெளியிடுவதும், உரிமை கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில்.

"நிருவாகி எண்டால் திறப்பு வைச்சிருக்கிற ஆளோ?" என்று தலைவர் தங்கையா கேட்டார்.

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

கூட்டம் ஏகமனதாகச் சந்தியோகுவைத் தெரிவுசெய்தது. பயிற்றுநர் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்தபின் சிரிப்பை நிறுத்திப் பதிவு செய்தார். தலைவர் எழுதுபவர், நான் திருத்துபவன். வாசிக்கத் தெரியாத சந்தியோகு எல்லாருக்கும் மேலே. வெளியிடும் பொத்தான் நீலம், அழிக்கும் பொத்தான் சிவப்பு என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது போதுமாகவே இருந்தது. தலைவர் அறிவித்தல் எழுதிவிட்டு, "அண்ணை, ஒருக்கா வந்து அமத்திவிடுங்கோ" என்று தேநீரோடு காத்திருப்பார். சந்தியோகு தேநீரை முடித்துவிட்டுத்தான் எழும்புவார்.

கந்தோரில் தொலைபேசி இல்லாததால் இந்த வேலையெல்லாம் மன்னார்க் கடைத்தெருவில் நுஃமானின் தொலைத்தொடர்புக் கடையில் நடந்தது. சைக்கிளில் இருபத்தாறு நிமிடம். சோதனைச்சாவடியில் மறித்தால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது.

2006 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. அதே நிறுவனம் பத்துக் குடும்பங்களுக்கு வள்ளம் தருவதாகச் சொல்லியிருந்தது. பெயர்ப்பட்டியல் அன்று மாலை ஐந்து மணிக்குள் எங்கள் தளத்தில் வெளிவரவேண்டும். வராவிட்டால் வள்ளங்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். ஏழாவது பெயர் சந்தியோகுவின் மருமகன் யேசுதாசன். வள்ளம் கிடைக்காவிட்டால் சனிக்கிழமை விடிய இராமேஸ்வரத்துக்கு அகதியாய்ப் படகேறுவதாக மகள் கிறேஸ் சொல்லிவிட்டாள். துணிமூட்டை கட்டியாயிற்று. அவள்தான் சந்தியோகுவின் ஒரே பிள்ளை.

நாலே காலுக்குச் சந்தியோகு கடவுச்சொல்லை ஒவ்வோர் இலக்கமாகத் தேடி அடித்தார். அது அவருடைய பழைய வள்ளத்தின் இலக்கம். பிறகு நான் பட்டியலை உரக்க வாசித்தேன். ஏழாவது பெயரில் அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"என்னாலை ஏலாது. மருமகன்ரை பேர் கிடக்கு."

அவர் சொன்னது சரி. உறவினர் சம்பந்தப்பட்ட விடயம் முடிவாகும்போது, உரியவர் அறைக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது பதினாலாம் விதி. அதை எழுதியவன் நான்.

"அப்ப நுஃமானை நிருவாகி ஆக்குவம்," என்றார் தலைவர்.

"திறப்பைக் கைமாத்தப் பொதுக்கூட்டம் வேணும். ஏழு நாள் முன்னறிவித்தல்," என்றேன்.

"செயலாளர், உங்களைக் கடலுக்கை தள்ளவும் ஏழு நாள் வேணுமோ?"

வாசலில் நின்ற கிறேஸ் உள்ளே வந்தாள். "அப்பா, நீங்கள் வெளியாலை போங்கோ. நான் அமத்துறன்."

"நீ என்னையும் விடக் கிட்டின சொந்தமடி. நீயும் வெளியாலை வா."

இருவரும் தெருவில் போய் நின்றார்கள். நேரம் நாலு முப்பத்தெட்டு. நுஃமான் பொறுமையிழந்தார். "நோன்பு துறக்கமுன்னம் முடியுங்கோ. வாய் காய்ஞ்சு போய் நிக்கிறன்."

நான் விதியை மறுபடி வாசித்தேன். ஆள் வெளியே இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது. கையைப் பற்றி ஒன்றும் இல்லை. இதைச் சொன்னதும் தலைவர் மேசையைச் சன்னலோடு சேர்த்து இழுத்தார். மவுஸின் வயர் நாலடி எட்டங்குலம், கம்பிவரை எட்டியது. சந்தியோகு தெருவில் நின்றபடி கம்பிக்குள் முழங்கைவரை கையை விட்டார். கணினித் திரை அவருக்குத் தெரியவில்லை. நுஃமான் உள்ளே நின்று வழி சொன்னார்.

"வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். ஐயோ, மேலை போகாதையுங்கோ, அது சிவப்பு!"

"கரை எங்கை எண்டு சொல்லு நானா. சும்மா சத்தம் போடாதை."

கடைத்தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கழுதை அவருடைய இடுப்புச் சாரத்தை முகர்ந்தது. கிறேஸ் குடை பிடித்தாள்.

"அப்பா, மெல்ல நகத்துங்கோ."

"கதையாதை. நீ சம்பந்தப்பட்ட ஆள்."

"நில்லுங்கோ! அதுதான். அமத்துங்கோ!" என்று உள்ளேயிருந்து நுஃமான் கத்தினார்.

அமத்தினார். நாலு ஐம்பத்துமூன்று. பத்துப் பெயர்களும் தளத்தில் வந்தன. 'நிருவாகி அறைக்கு வெளியே இருந்தார்' என்று கூட்டறிக்கையில் எழுதினேன். தலைவர் ஒப்பமிட்டார்.

கையை வெளியே எடுத்த சந்தியோகு மகளிடம் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குப் போறியோ?"

"வள்ளம் தருவாங்களோ எண்டு தெரியாமல் எப்பிடிப் போறது? நிண்டு பாக்கிறன்," என்றாள் கிறேஸ்.

வள்ளங்கள் நவம்பர் 27இல் வந்தன. ஒக்டோபர் 21 விடிய இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்ட படகில் மூன்று பேருக்கு இடம் இருந்தது: கிறேஸ், யேசுதாசன், ஒன்றரை வயதுப் பிள்ளை. அந்த மூன்று இடத்தையும் வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கரை சேர்ந்தார்களா என்று தெரியாது. அவர்களுடைய பெயர்கள் என்னிடம் இல்லை.