வாய்க்கால் என்றால் என்ன

எனக்கும் பக்கத்துக் காணி அண்ணைக்கும் ஒரே கிணறு. பங்குக் கிணறு. ஒருநாள் அவருக்கு இறைப்பு, மறுநாள் எனக்கு. கிணறு அவருடைய காணிக்கு அப்பால் இருக்கிறது. என் தோட்டத்துக்கு அவருடைய வேலியோரமாகத்தான் தண்ணீர் வரவேண்டும். என் காணி உறுதிப் பத்திரத்தில் “கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்” என்று எழுதியிருக்கிறது.

என் மனுசன் இருந்தவரை வாய்க்காலை அவர் பார்த்தார். அவர் போனபிறகு நான் தனி. அது செம்மண் வாய்க்கால். பாதித் தண்ணீரை அதுவே குடித்துவிடும். வெங்காயம் வாடத் தொடங்கியது. எனக்கு வேறு பிழைப்பில்லை. குழாய் வாங்கிப் போட்டேன்.

அன்று பின்னேரமே அண்ணை அதைக் கழற்றி, வடிவாகச் சுருட்டி, என் வாசல் படலையடியில் கொண்டுவந்து வைத்தார்.

“தங்கச்சி, உறுதியிலை வாய்க்கால் எண்டுதான் கிடக்கு. குழாய் எண்டு எங்கை கிடக்கு?”

“தண்ணி வந்தாச் சரிதானே அண்ணை.”

“அப்ப நாளைக்குப் பிளேனிலையும் கொண்டு போவாய்.”

இணக்கசபையில் பேசியும் சரிவரவில்லை. வழக்குப் போட்டேன்.

வழக்குத் தவணைக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். அவர் முதலில் ஏறினால் குடையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். ஒருநாள் கொண்டக்டர் கேட்டான்.

“என்ன, சோடியாக் கோயிலுக்கோ?”

“ஓம் தம்பி. ஆளுக்கொரு அருச்சனை” என்றார் அண்ணை.

கோட்டில் அவருடைய சட்டத்தரணி, வாய்க்கால் என்றால் மண்ணில் வெட்டியது, குழாய் வாய்க்கால் ஆகாது என்றார். என்னுடையவர், உறுதி எழுதிய காலத்தில் கையால் இறைக்கும் துலா மட்டும்தான் இருந்தது, இன்று இரண்டு பேரும் மோட்டர் போடுகிறார்கள், அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லையே என்றார். எனக்கு இரண்டும் சரி போலத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

நீதிபதி ஒரு பெண். அண்ணை சாட்சிக் கூட்டில் ஏறியபோது நீதிபதியே கேட்டார்.

“ஐயா, குழாய் போட்டால் உங்களுக்கு என்ன நட்டம்?”

அண்ணையின் சட்டத்தரணி எழும்பினார். “அவர் சொல்லட்டும்” என்றார் நீதிபதி.

அண்ணை சொன்னார்.

“காணிக்கு நட்டமில்லை அம்மா. வாய்க்காலிலை தண்ணி போனாக் கண்ணுக்குத் தெரியும். ஆருடைய முறை, எவ்வளவு நேரம், எல்லாம் தெரியும். குழாய்க்குள்ளை போறது ஆருக்குத் தெரியும்?”

இவ்வளவு காலமும் இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, நீ தண்ணி களவெடுப்பாய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அன்று எனக்கு அவர்மேல் கோபம் இல்லாமல் போனது.

தீர்ப்பு வாசித்தார்கள். எனக்கு விளங்கியது இதுதான். சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, அது எதற்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். என் தோட்டத்துக்குத் தண்ணீர் சேரத்தான் அதை எழுதினார்கள். ஆகவே குழாய் போடலாம். ஆனால் இவ்வளவு காலமும் தண்ணீர் எல்லோரும் காணத்தான் ஓடியது. அதையும் தள்ள முடியாது. கிணற்றடியில் திறந்த தொட்டி கட்டி, அதற்குள் விழுந்துதான் தண்ணீர் குழாய்க்குள் போகவேண்டும். முறை பழையபடி.

பஸ்ஸில் அண்ணை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கோப்பாய்ச் சந்தி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“தொட்டியை உயர்த்திக் கட்டு தங்கச்சி. இல்லாட்டித் தண்ணி ஓட்டம் போதாது.”

உயர்த்தித்தான் கட்டினேன். என் முதல் முறையன்று அவர் வந்து தொட்டி விளிம்பில் குந்தியிருந்தார். நான் தோட்டத்துக்குள் குழாய் வாயடியில் நின்றேன்.

“வந்திட்டுதோ?” என்று அங்கிருந்து கத்தினார்.

“ஓம் அண்ணை, வருது.”

அவர் எழும்பிப் போகவில்லை. மோட்டர் நிற்கும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.