கேட்டு வாங்கினால் பிடிக்காது

காமாக்ஷி மன்னி திடீரென்று பிரேக் போட்டால் குறுக்கே நாய் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. யார் வீட்டுச் சுவர் மேலேயோ ஒரு கிளை எட்டிப் பார்க்கிறது என்று அர்த்தம். கண்ணாடியை இறக்குவாள். எங்கோ பராக்குப் பார்ப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டி, ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான்தான் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

மன்னி என் அண்ணாவின் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரானவள். பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவர்களை மோப்பம் பிடித்தே கண்டுபிடிப்பாள் என்று எர்ணாகுளத்தில் அவளுக்குப் பெயர். இப்போது படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த ஒரு கேம்பர்வேனை அவளே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள். அண்ணாவுக்குத் தன் கட்டிலை விட்டால் தூக்கம் வராது. அதனால் துணைக்கு நான். வேன் ஜன்னலோரம் முழுக்கத் தயிர் டப்பாக்கள். அத்தனையிலும் திருட்டுச் செடிகள், கொழுகொழுவென்று.

"கேட்டு வாங்கின கொம்பு பிடிக்காதாக்கும். அவா அறியாம ஒடிக்கணும். அப்பத்தான் வேரு விடும்."

"நர்சரியிலே வாங்கினா?"

"அது அதைவிட மோசம்."

அன்று ஆலப்புழைக்குக் கிளம்பியிருந்தோம். தோப்பும்படியில் தெற்கே திரும்பாமல் வண்டியை மட்டாஞ்சேரிப் பக்கம் விட்டாள். ஏன் என்றேன். "சும்மா" என்றாள்.

சும்மா இல்லை. கனடா போகும்முன் அவள் பெண் ஸாதனா மன்னியின் கலூர் ஃபிளாட் பால்கனியில் ஒரு கருஞ்சிவப்புச் செம்பருத்தி வைத்துவிட்டுப் போனாள். நாங்கள் மூணாறு சுற்றிவந்த நேரத்தில் அண்ணா தண்ணீர் விட மறந்து, அது கருகிப்போயிற்று. நர்சரியில் வாங்கி வைத்தவையும் தங்கவில்லை. ஓணத்துக்கு ஸாதனா வருகிறாள். வீடியோவில் செடியைக் காட்டச் சொன்னால், "இங்கே நெட்வொர்க் இல்லேடி" என்று மன்னி போனை வைத்துவிடுவாள். பொய் சொல்லிப் பழக்கமில்லை, குரல் நடுங்கும். எனக்கே பாவமாக இருக்கும்.

மட்டாஞ்சேரியில் இருக்கும் ஓவியர் வைத்தீஸ்வரனின் படங்களில் அந்தக் கருஞ்சிவப்புப் பூதான் திரும்பத் திரும்ப வரும். அவர் தோட்டத்துச் சுவரோ ஆளுயரத்துக்கும் மேலே. ஒரு இலைகூட வெளியே நீட்டவில்லை. கேட் திறந்திருந்தது. நுழைந்துவிட்டோம்.

பெரிய ஓவியரின் தோட்டம் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். வெண்டை, கறிவேப்பிலை, கொடியில் காயும் துண்டு, எல்லா நிறமும் அப்பிய ஒரு நாற்காலி. அதன் பின்னால் ஸாதனா வைத்த அதே கருஞ்சிவப்புச் செம்பருத்தி, என் உயரத்துக்கு. வெயில் கொளுத்தியது. மன்னி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கை மெல்ல மேலே போனது.

"ஆரு?"

பெயிண்ட் கறை படிந்த வேட்டியோடு அவரேதான், கையில் கத்தரிக்கோல்.

"இல்லே... வேன்ல போயிண்டிருந்தோம்... பூ கண்டு..." என்று மன்னி குழறினாள்.

அவருக்கு ஒரே சந்தோஷம். "செம்பரத்தி இஷ்டமா? அதுக்கென்ன, கொண்டுபோங்கோ!" நல்ல கொப்பாகத் தேடிப் பார்த்து வெட்டி நீட்டினார்.

அவர் கையெழுத்துக்காக ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். இவளுக்கு அவர் கையாலேயே செடி. மன்னி முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஹால் டிக்கெட்டைத் தொலைத்த பிள்ளை மாதிரி!

"வாடிடும். ஈரப் பேப்பர்லே சுத்தித் தரேன்" என்று கொப்போடு உள்ளே போனார்.

"போச்சு. குடுத்துட்டார்டி" என்றாள் மன்னி. கண் கலங்கியிருந்தது.

நான் நாற்காலியில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். பின்னால் 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

அவர் பொட்டலத்தோடு வந்தார். மன்னி மலர்ந்த முகத்தோடு அதை ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். மற்றொரு கையால், அந்த வேகாத வெயிலில், இடுப்பிலிருந்த முந்தானையை எடுத்துத் தோளைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்திக்கொண்டாள்.