ரங்கநாயகி வேண்டாம் என்ற புரொப்பெல்லர்

கோவை காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது செய்தி வந்தது. ரங்கநாயகி போய்விட்டார், மாரடைப்பு. நம் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல்கள் குவிந்தன. நடுவே பிரபாகரன் எழுதியிருந்தார்: "அக்கா நினைவா ஞாயித்துக்கெழம பறக்கப் போறேனுங்க. எல்லாரும் வந்துருங்க." எனக்கு அழுகை வரவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் ரங்கநாயகியின் பம்பு பட்டறைக்குப் பின்னால் நாம் ஒற்றை ஆள் விமானம் கட்டியது உங்களுக்குத் தெரியும். இறக்கை வரை சண்டையே இல்லை. முன்னால் சுற்றி விமானத்தை இழுக்கும் விசிறிக்கு நாம் வாங்கிய மரப் புரொப்பெல்லர் நீளம் அதிகம்; சின்ன எஞ்சின் அதைச் சுற்ற முடியாமல் திணறியது. சரியான அளவில் வேறு வாங்கலாம் என்றார் ரங்கநாயகி. யாருக்கும் பொறுமை இல்லை.

நமக்குப் பம்பு புத்தி. பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் மோட்டாருக்குப் பாரமானால் லேத்தில் ஏற்றி ஓரத்தைக் கடைந்து குறைப்போம். ஊரே செய்கிற வேலை. அதே பழக்கத்தில் பிரபாகரன் புரொப்பெல்லரின் இரு நுனியையும் அறுத்துவிட்டார். எஞ்சின் சீறிக்கொண்டு சுற்றியது. எல்லோரும் கை தட்டினோம்.

ரங்கநாயகி தட்டவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, அறுத்த நுனியை நகத்தால் தடவினார். பலகைகளை ஒட்டிய இடத்தில் மயிரிழைப் பிளவு.

"ஒட்டு வாய் தொறக்குது பாருங்க. தரையில ஒண்ணும் தெரியாது. மேல போனா தெறிச்சுப்போடும்."

"பேலன்ஸ் பாத்துப்போட்டேனுங்க அக்கா," என்றார் பிரபாகரன்.

"பம்பு ஒடைஞ்சா தண்ணி நிக்கும் கண்ணு. இது ஒடைஞ்சா நீ எங்க நிப்பே?"

அவர் அப்படித்தான். ஒரு மோட்டாரின் சத்தம் பிடிக்கவில்லை என்று, லாரியில் ஏற்றிய சரக்கையே ஒருமுறை இறக்க வைத்தார். டிரைவர் கத்தக் கத்த அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, இறக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றே புதிதுக்குச் சொல்லிவிட்டு, பழையதைக் கழற்றி என்னிடம் தந்தார். "உங்க ஊட்ல இருக்கட்டுங்க. ஆரு கேட்டாலும் குடுக்காதீங்க." புதியது இன்னும் வந்து சேரவில்லை.

நேற்று பிரபாகரன் என் வாசலில் நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

"ஏனுங்கண்ணா, அதைக் குடுங்க. அக்கா ஆசைப்பட்டாங்க."

"அவங்க ஆசைப்பட்டது இதை இல்லீங்க."

"ஒரே ஒரு தடவைங்க."

உள்ளே போனேன். ரம்பத்தை எடுத்து அதை நடுவில் இரண்டாக அறுத்தேன். துண்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவேண்டாம். ரங்கநாயகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'வேண்டாம்' ஒன்றைத்தான். திங்கட்கிழமை பிரபாகரன் என்னோடு பேசமாட்டார். பேசாமல் இருக்கவாவது இருப்பார்.