பூஜையில் வைத்த கப்பல்

எங்கள் ஊர்க் காவிரியில் பரிசல் போகும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட திருச்சியில், புத்தூர் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, என் பெரியப்பா அந்தக் காலத்துப் பயணிகள் கப்பல்களாக வரைந்து தள்ளினார். ஒருவரும் வாங்கியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு முருகன் படம் வரையக் கூடாதா என்று கேட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், சரஸ்வதி பூஜையன்று காலையில் சென்னையிலிருந்து ஒருவர் அவரைத் தேடி வந்தார். கப்பல் படங்கள் சேர்ப்பவராம். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவர், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன கப்பலின் முன் நின்றுவிட்டார். பெரியம்மாவின் அப்பா அதில் ஏறித்தான் பினாங்குக்கு வேலைக்குப் போனார். அவள் சொல்லச் சொல்லப் பெரியப்பா வரைந்த படம் அது.

"இதுதாங்க வேணும். ஸ்ரீரங்கம் போயிட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்றார் வந்தவர். பெரியப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மனிதர் அவர் படத்தைக் கேட்டிருக்கிறார்.

எங்கள் வீட்டில் அன்று அரிவாள்மணை முதல் ஸ்கூட்டர் வரை எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பாது. பூஜையில் அடுக்கிய புத்தகங்களை மறுநாள் வரை தொடக் கூடாது. அந்த ஒரு சட்டத்துக்காகவே எனக்குச் சரஸ்வதியைப் பிடிக்கும். மத்தியானம் பார்த்தால், என் கணக்குப் புத்தகத்தின் மேல் அந்தக் கப்பல் சாய்ந்து நிற்கிறது. கண்ணாடியில், புகைபோக்கிக்கு நேராக, பெரியம்மா வைத்த சந்தனப் பொட்டு.

பெரியப்பா வந்து பார்த்தார். போச்சுடா, இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நான் சுண்டலை அவசரமாக வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் அந்தப் பொட்டைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தாள், நிமிரவே இல்லை.

சாயங்காலம் சென்னைக்காரர் கோயில் பிரசாதத்தோடு வந்தார்.

"பூஜையில வெச்சாச்சுங்க. எடுக்கக் கூடாது" என்றார் பெரியப்பா.

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"வேண்டாங்க. வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க."

வேறு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. போய்விட்டார். சாமி கும்பிடக் கூப்பிட்டால் பேப்பரை விரித்துக்கொள்கிற பெரியப்பாவுக்குத் திடீரென்று இவ்வளவு பக்தியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"குடுத்திருக்கலாமேங்க. எத்தனை வருஷமாக் காத்திருந்தீங்க" என்றாள் பெரியம்மா.

"அந்தக் கப்பல் ஒரு தடவை போனது போதும்" என்றார் அவர்.

பெரிய மேதை மாதிரி நான் குறுக்கே புகுந்தேன். "போனா என்ன பெரியப்பா? கப்பல் திரும்பி வந்துடும்ல?"

பெரியம்மா என் கையில் இன்னும் ஒரு கரண்டி சுண்டலைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். நானும் சந்தோஷமாகத் தின்றேன். கப்பல் திரும்பித்தான் வந்தது, ஒவ்வொரு தடவையும். அதிலிருந்து தன் அப்பா இறங்குகிறாரா என்று பார்க்க ஒரு சின்னப் பெண் எத்தனை முறை நாகப்பட்டினம் கரையில் போய் நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.